கார் சர்வீஸ் சென்டரில்... கிளாவரையில் அந்த மூன்று நாள்களை எப்படிச் சமாளிப்பது?

கொடைக்கானலில் இருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று ஒவ்வோர் ஊராகத் தாண்டிப் போனால் கடைசியாக வருவது கிளாவரை. அதற்கு அப்பால் காடு. காட்டைத் தாண்டினால் கேரளத்தின் வட்டவடை, கோவிலூர் பக்கம். வரைபடத்தில் பார்த்தால் கைக்கெட்டும் தூரம்தான், ஆனால் கார் போகும் சாலை இல்லை. வனப்பகுதி என்பதால் அனுமதியில்லாமல் நடந்தும் போகக்கூடாது. ஆக, கிளாவரைக்காரர்களுக்கு உலகத்துக்குப் போகும் வழி ஒன்றே ஒன்றுதான்: வந்த சாலையிலேயே திரும்பி கொடைக்கானலுக்கு வருவது.

இப்படிப்பட்ட ஊரில் கார் என்பது சொகுசு இல்லை. பூண்டு, உருளைக்கிழங்கு விற்ற பணத்தை பேங்கில் போடுவது, பிள்ளைகளை ஹாஸ்டலில் விடுவது, பெரியவர்களை செக்கப்புக்குக் கூட்டிப்போவது எல்லாம் அதில்தான். அக்கம்பக்கத்து வீட்டில் ராத்திரி யாருக்காவது முடியவில்லை என்றாலும் முதலில் தட்டப்படுவது கார் வைத்திருப்பவர் வீட்டுக் கதவுதான். அந்தக் கார் சர்வீஸுக்குப் போய்விட்டால், நாலு வீட்டுக்கும் சேர்த்துத்தான் சிரமம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

பெரும்பாலான கார் நிறுவனங்களின் சர்வீஸ் சென்டர்கள் திண்டுக்கல், மதுரை, தேனி போன்ற கீழ்நாட்டு ஊர்களில்தான் இருக்கின்றன. கிளாவரையில் இருந்து கொடைக்கானல் 40 கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து வத்தலக்குண்டு வழியாகத் திண்டுக்கல் 95 கிலோமீட்டர் அளவில். மொத்தம் ஒரு வழிக்குச் சுமார் 140 கிலோமீட்டர்.

காலையில் விட்டு மாலையில் எடுத்துவிட்டால் 280 கிலோமீட்டரோடு முடிந்துவிடும். விட்டுவிட்டு பஸ்ஸில் ஊர் திரும்பி, மறுபடி பஸ்ஸில் போய் எடுத்து வந்தால் 560 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி கொண்டை ஊசி வளைவு. எனவே, சென்னையில் இருப்பவர் போல "கொண்டுபோய் விட்டுப் பார்க்கலாம்" என்று கிளம்பக் கூடாது.

கிளம்புவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே போனில் மூன்று விஷயம் கேளுங்கள். காலையில் முதல் வண்டியாக எடுப்பார்களா? தேவைப்படும் ஸ்பேர் பார்ட்ஸ் கையிருப்பில் இருக்கிறதா? மாலைக்குள் முடியுமா? பாகம் வர நான்கு நாள் ஆகும் என்றால், பாகம் வந்தபிறகே வண்டியைக் கீழே இறக்குங்கள். வண்டி ஓடும் நிலையில் இருந்தால் மட்டும்தான் இது. பிரேக் பிரச்னை என்றால் காத்திருப்பதும் கூடாது, அந்தக் காரை ஓட்டிக்கொண்டு மலை இறங்கவும் கூடாது. மெக்கானிக்கை மேலே வரவழையுங்கள், அல்லது டோ வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்.

வீட்டுக்கே வந்து சர்வீஸ் செய்யும் வேன் வசதியும், காரை எடுத்துப்போய்த் திருப்பிக் கொடுக்கும் வசதியும் சில டீலர்களிடம் உண்டு. உங்கள் ஊர் அந்த எல்லைக்குள் வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள். கிளாவரைக்கு வராவிட்டாலும் கொடைக்கானல் வரை வந்து வாங்கிக்கொள்வார்கள் என்றால்கூட பாதி அலைச்சல் குறையும்.

மாற்றுக் கார் கொடுப்பார்களா?

சர்வீஸ் முடியும்வரை ஓட்ட ஒரு கார் கொடுக்க வேண்டும் என்று டீலருக்குக் கட்டாயம் எதுவும் இல்லை. உங்கள் வாரன்டியிலோ, சர்வீஸ் பேக்கேஜிலோ எழுதியிருந்தால் மட்டுமே உரிமையோடு கேட்கலாம். இல்லாவிட்டால் அது அவர்கள் செய்யும் உபகாரம். கேட்பதில் தப்பில்லை.

இன்ஷூரன்ஸில் 'தினசரிப் படி' என்று ஒரு கூடுதல் கவர் உண்டு. விபத்தில் அடிபட்ட கார் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் நாள்களுக்கு, டாக்ஸி செலவுக்காக ஒரு தொகை கொடுப்பார்கள். வழக்கமான சர்வீஸுக்கு இது கிடைக்காது. முதல் சில நாள்களைக் கழித்துக்கொண்டுதான் கணக்குப் போடுவார்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாடகைக்கு எடுத்து நீங்களே ஓட்டுவதாக இருந்தால், நம்பர் பிளேட்டைப் பாருங்கள். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால்தான் அது முறையான செல்ஃப் டிரைவ் கார். டிரைவரோடு வரும் டாக்ஸி என்றால் மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. வெள்ளை போர்டு காரைப் பணம் கொடுத்து எடுத்து, ஏதாவது ஆகிவிட்டால், இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொரு விஷயம் இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறை வந்தது. உள்ளூர்க்காரர்களுக்கு விலக்கு உண்டு என்றாலும், பாஸ் வண்டி எண்ணை வைத்துத்தான் தரப்படுகிறது. திண்டுக்கல் வாடகைக் காரில் திரும்பி வந்தால் சோதனைச் சாவடியில் நிறுத்திக் கேட்பார்கள். கீழே இருக்கும்போதே அந்தக் காருக்குப் பதிவு செய்துவிடுங்கள். மலை ஏறும்போது சிக்னல் கிடைக்கும் என்று நம்பி இருக்காதீர்கள்.

பஸ்தான் முதல் துணை

கொடைக்கானலில் இருந்து கிளாவரைக்கு அரசு பஸ் உண்டு. ஆனால், விரல்விட்டு எண்ணக்கூடிய நடைகள்தான். மழை, மண்சரிவு, மரம் விழுந்தது என்று நேரம் மாறும். முதல் நாளே கண்டக்டரிடமோ டிரைவரிடமோ மறுநாள் நிலவரத்தைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. கீழே கார் விடப் போகிறவர், ஊருக்குக் கடைசி பஸ் கொடைக்கானலில் இருந்து எப்போது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே சர்வீஸ் தேதியை உறுதி செய்ய வேண்டும். அதைத் தவறவிட்டால் கொடைக்கானலில் ரூம் போடும் செலவு தனி.

பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணத் திட்டம் 2021 மே மாதம் தொடங்கியது. நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை போன்ற மலைப்பகுதிகளுக்கும் இது விரிவாக்கப்படும் என்று 2024-25 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. நீங்கள் ஏறும் பஸ் அந்தக் கணக்கில் வருகிறதா என்று கண்டக்டரைக் கேட்டு ஏறுங்கள். பள்ளிப் பிள்ளைகளின் இலவச பஸ் பாஸ், "நம்மிடம்தான் கார் இருக்கிறதே" என்று வாங்காமல் விட்டிருந்தால், வாங்கி வைத்துவிடுங்கள்.

பூண்டு வண்டியில் தொற்றிக்கொள்ளலாமா?

பஸ் போய்விட்டால் மலையில் எல்லோரும் செய்வது இதுதான். காய்கறி, பூண்டு மூட்டை ஏற்றிப்போகும் பிக்கப் வண்டியில் ஏறிக்கொள்வது. டிரைவர் தெரிந்த தம்பியாகத்தான் இருப்பார், காசும் கேட்கமாட்டார். ஆனால், சட்டம் வேறு மாதிரி பார்க்கிறது.

சரக்கு வாகனத்தில் ஏறும் பயணிக்கு விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி இழப்பீடு தர வேண்டிய பொறுப்பில்லை என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 1994-ல் செய்த திருத்தப்படி, சரக்கின் சொந்தக்காரருக்கும் அவருடைய பிரதிநிதிக்கும் மட்டும் பாதுகாப்பு உண்டு. அதாவது, உங்கள் பூண்டு மூட்டையோடு கேபினில் உட்கார்ந்து போனால் ஒரு நியாயம் இருக்கிறது. மூட்டை மேல் உட்கார்ந்து போகும் பாட்டிக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் எதுவும் இல்லை. நாளை இழப்பீட்டுச் சுமை வண்டிக்காரத் தம்பி தலையில்தான் விழும். அவருக்காகவாவது யோசியுங்கள்.

தேதி குறிப்பதில் இருக்கிறது பாதி

ஏப்ரல், மே சீசனில் மலைப்பாதையில் மணிக்கணக்கில் வண்டிகள் நிற்கும். அக்டோபருக்குப் பிறகு வடகிழக்குப் பருவமழை. பூண்டு அறுவடை, ஊர்த் திருவிழா, கல்யாண முகூர்த்தம் என்று ஊருக்கும் ஒரு காலண்டர் இருக்கிறது. இவற்றைத் தவிர்த்து, மழைக்கு முன்னால் செப்டம்பரில் ஒருமுறை, சீசனுக்கு முன்னால் பிப்ரவரியில் ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் ஓரளவு நிம்மதி. வாரன்டியும் இலவச சர்வீஸும் கிலோமீட்டர் அல்லது மாதம், எது முதலில் வருகிறதோ அதைப் பொறுத்தது. அந்தக் கெடு தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊரில் கார் வைத்திருப்பவர்கள் பேசி வைத்துக்கொண்டு, ஒரே வாரத்தில் எல்லா வண்டியும் கீழே போகாமல் முறை போட்டுக்கொள்ளலாம். உங்கள் கார் இல்லாத நாளில் அடுத்த வீட்டு மாமாவின் கார் ஊரில் நிற்கிறது என்று தெரிந்தாலே தைரியம் வரும். கர்ப்பிணியோ, தொடர் சிகிச்சையில் இருப்பவரோ உள்ள வீடு என்றால், அவர்களின் ஆஸ்பத்திரி தேதியை முதலில் கேட்டுவிட்டு உங்கள் சர்வீஸ் தேதியைக் குறியுங்கள். அவசரத்துக்கு 108 இலவசம்தான். ஆனால், மலைச் சாலையில் அது வந்து சேரும் நேரத்தையும் கணக்கில் வைத்து, தாமதிக்காமல் சீக்கிரமே அழைத்துவிட வேண்டும்.

வண்டியை விடும்போது

மலை வண்டிக்கு மாமூல் சர்வீஸ் போதாது. பிரேக் பேடு, பிரேக் ஆயில், கிளட்ச், டயர் நான்கையும் தனியாகச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏறிய ஆயில் நீண்ட இறக்கத்தில் சூடாகிக் கொதித்தால் பெடல் மெத்தென்று உள்ளே போய்விடும், பிரேக் பிடிக்காது. பெரும்பாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள்.

ஜாப் கார்டில் கிலோமீட்டர், பெட்ரோல் அளவு, செய்யச் சொன்ன வேலை, உத்தேசச் செலவு, டெலிவரி தேதி எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கூடுதல் வேலை என்றால் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். சொன்ன தேதியில் தராமல் இழுத்தடித்தால், அலைந்த பஸ் டிக்கெட், டாக்ஸி பில்லை எல்லாம் பத்திரப்படுத்துங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. ஆன்லைனிலேயே பதிவு செய்யலாம் என்பதால், இதற்கென்று இன்னொரு தடவை மலை இறங்க வேண்டியதில்லை.

வண்டி கைக்கு வந்ததும் சர்வீஸ் சென்டர் வாசலிலேயே ஒரு சுற்று ஓட்டி பிரேக்கைச் சோதியுங்கள். குறை இருந்தால் அங்கேயே சொல்லிவிடலாம். கிளாவரைக்கு வந்து கண்டுபிடித்தால், மறுபடியும் 140 கிலோமீட்டர் இறங்க வேண்டும்.