வெட்டியது யார் கை, வெட்டச் சொன்னது யார் வாய்?

'காட்டைக் காப்போம்' என்று சுவரில் பச்சைப் பெயிண்டில் எழுதியிருக்கும் கட்டிடத்துக்கு எதிரில்தான் நான் குமாஸ்தாவாக இருக்கிற வங்கிக் கிளை. நீலகிரியில் பென்சன் நாள் என்றால் காலை எட்டு மணிக்கே மலையிறங்கி வந்து படியில் உட்கார்ந்திருப்பார்கள். தோட்டத்தில் ஓய்ந்துபோன ஒரு பாட்டி கைநாட்டு வைத்துக்கொண்டே எதிர்ச் சுவரைக் காட்டி என்ன எழுதியிருக்கு என்று கேட்டாள். படித்துச் சொன்னேன். சிரித்தாள்.

"மரத்த வெட்டுன்னு சொன்னதும் அவிங்கதான் தம்பி. வெட்டுன எடத்துல தேயிலைய நடுன்னதும் அவிங்கதான். இப்ப காட்டக் குடுத்துட்டுப் போன்றதும் அவிங்கதான். நாங்க எப்பப்பா எடுத்தோம், குடுக்குறதுக்கு?"

இந்தக் கேள்விக்கு நம்மூர்ச் சூழலியவாதிகளிடம் பதில் இல்லை. தலித் அரசியல் பேசுகிற நம்மிடமும் இல்லை. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

அவள் 'சிலோன்காரி'. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் மேசையில் உட்கார்ந்து மனிதர்களைப் பங்கு பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சத்தை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பங்கு போடப்பட்டவர்களில் பெரும்பகுதி யார்? இங்கிருந்து பஞ்சத்துக்கும் பண்ணையாருக்கும் பயந்து கப்பலேறிய பறையர், பள்ளர், சக்கிலியர். திரும்பி வந்தவர்களுக்கு ஊருக்குள் ஒரு குழி நிலம் கொடுக்க எந்த அரசுக்கும் மனசு வரவில்லை. ஊர் நிலம் ஊர்க்காரனுக்கு, சேரிக்காரனுக்குக் காடு. 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கப்பட்டது. பின்னால் அதுதான் 'டான்டீ' ஆனது. சேரம்பாடி, பந்தலூர், கோத்தகிரி, குன்னூர், பிறகு வால்பாறை என்று வனத்துறை நிலம் தேயிலையானது. அரசாங்கத்துக்கு மறுவாழ்வுத் திட்டம். யானைக்கு வழியடைப்பு. வெட்டிய கைக்கு லயத்தில் ஒரு அறை, பெரட்டில் ஒரு பேர்.

ஆனால் அழிவு 'சிலோன்காரங்க' வந்ததில் தொடங்கியதாகக் கதை சொல்லுகிறவர்களுக்குக் கொஞ்சம் பழைய கணக்கைக் காட்ட வேண்டும். நீலகிரி மேல்மலையின் இயற்கை என்பது பள்ளத்தில் சோலைக்காடும் மேட்டில் புல்வெளியும். புல்வெளி மழையைக் குடித்து வைத்துக்கொண்டு வருசம் பூராவும் ஓடையில் விடும். வரையாட்டுக்கு அதுதான் வீடு, தோடர் எருமைக்கு அதுதான் மேய்ச்சல். வெள்ளைக்காரன் அதைப் பார்த்து 'வீண்நிலம்' என்றான். பயன் தெரியாத நிலத்துக்கு வீண்நிலம் என்று பெயர் வைப்பதும், மனுசன் குடியிருக்கிற சேரிக்குப் புறம்போக்கு என்று பெயர் வைப்பதும் ஒரே பேனாதான். அந்த 'வீண்நிலத்தில்' கற்பூர மரத்தையும் சீகையையும் நட்டார்கள். சுதந்திர அரசு இன்னும் வேகமாக நட்டது. சீகைப் பட்டை தோல் பதனிட, மரம் சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்கு. வெட்டு, நடு, மறுபடி வெட்டு. இப்போது நட்டவன் நிறுத்தினாலும் சீகை நிற்க மாட்டேன் என்கிறது. தானாகவே புல்வெளிக்குள் பரவுகிறது. 2024 கணக்கெடுப்பில் தமிழகம் முழுக்க வரையாடு 1,031. நம்முடைய மாநில விலங்கு ஒரு கல்யாண மண்டபத்துக்குள் அடங்கிவிடும்.

மரத்துக்குப் பிறகு மின்சாரம். பைக்காரா மின்நிலையம் 1932இல் ஓடத் தொடங்கியது. அய்ம்பதுகளிலும் அறுபதுகளிலும் கனடா நாட்டு உதவியோடு குந்தாத் திட்டம். அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி, போர்த்திமந்து என்று அணை அணையாக எழும்பி புல்வெளிப் பள்ளத்தாக்குகள் தண்ணீருக்குள் போயின. பைக்காராத் தண்ணீர் இறங்குகிற ராட்சதக் குழாயும் சிங்காரா, மாயாறு பக்கத்துக் கால்வாயும் சீகூர்ப் பீடபூமியில் யானை நடக்கிற தடத்தின் குறுக்கே கிடக்கின்றன. அதே சீகூரின் யானை வழித்தட அறிவிக்கையை 2020இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. விடுதிக்குப் பூட்டு விழலாம். கால்வாய் எங்கே போகும்?

இப்போது 'பசுமை மின்சாரம்' என்ற புதுப் பெயரோடு நீரேற்று மின்திட்டங்கள் வருகின்றன. காற்றாலையும் சூரியத் தகடும் நம் வசதிக்கு மின்சாரம் தராது. பகலில் மிஞ்சுகிற மின்சாரத்தால் கீழ் அணைத் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, ராத்திரி ஊர் விளக்குப் போடும்போது இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். நூறு யூனிட் செலவழித்தால் எழுபத்தஞ்சோ எண்பதோ திரும்பும். போர்த்திமந்துக்கும் அவலாஞ்சி-எமரால்டுக்கும் நடுவே குந்தாவில் 500 மெகாவாட். சில்லஹல்லாவில் 1,000 மெகாவாட்டுக்குத் திட்டம். அங்கே விவசாயிகள் எதிர்த்து நிற்கிறார்கள். "குந்தாவில் புது அணை கட்டவில்லையே, பழைய அணைதானே" என்பார்கள். மலையைக் குடையாமல் சுரங்கம் வருமா? வெடி வைக்க வேண்டும். குடைந்த பாறைக் கழிவை எங்கேயாவது கொட்ட வேண்டும். லாரிக்கு ரோடு வேண்டும். மின்கம்பி போக காட்டுக்குள் வகிடு எடுத்த மாதிரி மரம் வெட்ட வேண்டும், வருசா வருசம் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வகிட்டில் வெயில் இறங்கினால் சோலைக் கன்று முளைக்காது, உண்ணிச்செடி முளைக்கும். மரம் விட்டு மரம் தாவுகிற கருமந்திக்கு அந்த இடைவெளி ஒரு சுவர். மேய்ச்சல் போன காட்டெருமை குன்னூர் வீதிக்கு வருகிறது. வழி போன யானை லயத்துக்கு வருகிறது. விடிகாலை இருட்டில் கொழுந்து பறிக்கப் போகிறவள் யார் வீட்டுப் பெண் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அப்படியானால் மின்சாரம் வேண்டாமா? சேரியில் பிறந்த எவனும் அப்படிச் சொல்ல மாட்டான். தெருவிளக்கில் படித்தவன் நான். அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தன. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கு வித்திட்டவர்களில் அவர் ஒருவர். அவருக்கு மின்சாரம் என்பது மனுசனின் முதுகை நிமிர்த்துகிற கருவி. நிலக்கரிப் புகையைச் சுவாசிக்கிறவர்களும் நம்மவர்கள்தான். ஆகவே காற்றும் வெயிலும் மின்சாரமாகட்டும். எங்கே, எவ்வளவு, யாரைக் கேட்டு, யார் தலையில் என்பதுதான் கேள்வி. நகரத்துக் கூரைகளெல்லாம் சும்மா வெயில் காயும்போது மலையின் வயிற்றைக் கிழிப்பதற்குப் பெயர் பசுமை என்றால் அந்தப் பச்சை வெறும் பெயிண்ட்.

கணக்கை முடிக்கிறேன். 2022இல் நட்டத்தில் ஓடிய டான்டீயின் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்கே திருப்பித் தர அரசு முடிவெடுத்தது. காடு திரும்பட்டும். நான் சந்தோசப்படுகிறேன். ஆனால் அந்த மண்ணில் முதுகெலும்பு தேய்ந்தவளுக்கு? 2006 வன உரிமைச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். பழங்குடியல்லாதவர் உரிமை கோர 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 வருசம், அந்தக் காட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். 1964க்குப் பிறகு அரசே கொண்டுவந்து இறக்கியவளுக்கு 75 வருசத்துக்கு எங்கே போவது? மாஞ்சோலையிலும் இதே நியாயம்தான். 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் காட்டைக் கம்பெனிக்கு 99 வருசக் குத்தகைக்கு விட்டபோது புலியைப் பற்றி யாரும் பேசவில்லை. கூலி கேட்டு ஊர்வலம் போனபோது 1999 ஜூலை 23இல் தாமிரபரணியில் 17 பிணம். 2024இல் தோட்டத்தை மூடி, கீழே இறங்கு என்று சொல்லும்போதுதான் புலி ஞாபகம் வருகிறது.

சூழலியவாதிகளே, யானைக்காகப் பேசும் வாயால் லயத்துக்காகவும் பேசுங்கள். பேச மாட்டீர்கள் என்றால் உங்கள் காடும் ஒரு அக்கிரகாரம்தான்.

தோழர்களே, 'யானை நம்ம பிரச்சினையில்லை' என்று நாமும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். யானையின் தடத்தை அறுத்த ரம்பம்தான் நம் நிலத்தையும் அறுத்தது. காட்டைத் திருப்பித் தரும் ஒவ்வொரு அரசாணையிலும், வெட்டிய கைகளுக்குக் காட்டுக்கு வெளியே பட்டாவோடு நிலம் என்று ஒரு வரி இருக்க வேண்டும். காட்டை மீட்கும் வேலை, சீகை பிடுங்குவதும் சோலைக் கன்று நடுவதும், அவர்களுக்கே முறையான சம்பளத்தில் தரப்பட வேண்டும். கிராம சபையில் ஆதிவாசியும் தோட்டத் தொழிலாளியும் சம்மதிக்காமல் எந்தச் சுரங்கத்துக்கும் வெடி வைக்கக் கூடாது.

பாட்டி பணத்தை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டாள். "யானைக்கும் எடமில்ல, எனக்கும் எடமில்ல. அப்ப எடமெல்லாம் யாருகிட்ட தம்பி இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அந்தக் கணக்கு எந்த வங்கியில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் இனி நம் வேலை.