பேச்சு போனாலும் பாட்டு போகவில்லை

பெங்களூரு ரயில் நிலையத்தில் இரவு வண்டிகள் புறப்படும் நேரத்தில் பழகிப்போன காட்சி ஒன்று உண்டு. நடுத்தர வயதுக்காரர் ஒருவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து மனைவியும் மைத்துனரும் தள்ளிக்கொண்டு வருவார்கள். வாய் ஒரு பக்கம் கோணியிருக்கும். வலது கை மடியில் கிடக்கும். ஏதோ சொல்ல முயல்வார், வார்த்தை வராது. "பக்கவாதம், ஊருக்குக் கொண்டு போகிறோம்" என்பார் மைத்துனர். டிக்கெட் பெரும்பாலும் ஒரு வழிக்குத்தான் எடுத்திருப்பார்கள்.

யஷ்வந்த்பூர் மார்க்கெட்டில் மூட்டை சுமப்பவர், பீன்யாவில் லேத் ஓட்டுபவர், அலுவலகத்தில் கணக்கெழுதுபவர், 2001இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு தங்கவயலிலிருந்து தினமும் ரயிலேறிப் பிழைக்க வருபவர் என யாரையும் இந்த நோய் விட்டுவைப்பதில்லை. ரத்த அழுத்தம் எவ்வளவு என்று ஒரு முறைகூடப் பார்க்காமல், பீடியும் டீயுமாக இருபது வருடம் ஓட்டிவிட்டவர்களை அது சீக்கிரமே பிடித்துக்கொள்கிறது.

ஊருக்குக் கொண்டு போவதைப் பற்றி முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வாய் கோணி, கை தூக்க முடியாமல், பேச்சு குழறினால் அந்த நிமிடமே ஸ்கேன் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மூளையில் ரத்தக் குழாய் அடைத்ததா, வெடித்ததா என்று ஸ்கேன்தான் சொல்லும். அடைப்பு என்றால் அதைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். "ஊருக்குப் போய் எண்ணெய் வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம்" என்று ராத்திரி வண்டிக்குக் காத்திருக்கும் குடும்பம், அந்த நாலரை மணி நேரத்தை பிளாட்பாரத்திலேயே செலவழித்துவிடுகிறது.

உயிர் பிழைத்த பிறகு என்ன ஆகிறது என்பதுதான் இங்கே எடுத்துக்கொண்ட விஷயம். கை காலுக்கு உடற்பயிற்சி சொல்லித் தருகிறார்கள். சுவரைப் பிடித்தாவது நடக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பேச்சு போனவர்களின் பாடு வேறு. "புத்தி பேதலித்துவிட்டது" என்று வீட்டாரே முடிவு கட்டிவிடுகிறார்கள். அவர் முன்னாலேயே மருந்துச் செலவையும், பெண் கல்யாணம் நின்றுபோனதையும் பேசுகிறார்கள். அவருக்கோ பெரும்பாலும் எல்லாமே புரிகிறது. பதில்தான் வரவில்லை.

பாரிஸ் நகரத்து வைத்தியர் பால் பிரோக்கா இதை 1861இல் எடுத்துக்காட்டினார். அவரிடம் வந்த ஒரு நோயாளி, பிறர் சொல்வதைப் புரிந்துகொண்டபோதிலும், எதைக் கேட்டாலும் 'டான்' என்ற ஒரே ஓசையைத்தான் சொல்லி வந்தார். அவர் இறந்த பின் மூளையைப் பார்த்தபோது, இடது பாதியின் முன்பக்கத்தில் ஓரிடம் கெட்டிருந்தது. பேச்சை ஆளும் இடம் பெரும்பாலோருக்கு இடது மூளையில்தான் இருக்கிறது. உடம்பின் வலது பக்கத்தை ஆள்வதும் இடது மூளையே. வலது கையும் பேச்சும் சேர்ந்தே போய்விடுவது இதனால்தான்.

ஆனால் இன்னொரு அதிசயத்தையும் வைத்தியர்கள் வெகுகாலமாகப் பார்த்து வந்திருக்கிறார்கள். ஒரு வாய் தண்ணீர் கேட்க முடியாத மனிதர், பழகிய பாட்டை யாராவது தொடங்கிவைத்தால், சொல் பிசகாமல் கூடவே பாடிவிடுகிறார். பேச்சு போன ஒருவர் கோயில் கீதங்களை மட்டும் பாடியதாக ஸ்வீடன் நாட்டில் 18ஆம் நூற்றாண்டிலேயே குறிப்பு இருக்கிறது. பாட்டின் ராகத்தையும் ஏற்ற இறக்கத்தையும் கையாள்வதில் வலது மூளைக்கும் பெரிய பங்கு உண்டு. ஒரு பாதை அடைபட்டாலும் சுற்றுப் பாதையில் வண்டி விடலாமே என்ற யோசனை அதிலிருந்து பிறந்தது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் என்ற மூவர் 1973இல் இதை ஒரு சிகிச்சை முறையாகவே வகுத்து வெளியிட்டார்கள். முறை எளிமையானது. 'தண்ணி வேணும்' என்பது போன்ற சின்ன வாக்கியத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அதை மேல் சுரம், கீழ்ச் சுரம் என்று இரண்டே சுரத்தில் இழுத்துப் பாட வேண்டும். ஒவ்வோர் அசைக்கும் நோயாளியின் இடது கையைப் பிடித்து மேஜையில் ஒரு தட்டு. முதலில் சிகிச்சையாளர் பாடுவார். பிறகு இருவரும் சேர்ந்து. பிறகு நோயாளி தனியாக. வாக்கியம் பழகப் பழக, பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிவிட்டு, கடைசியில் வெறும் பேச்சாக நிறுத்துவார்கள். 2011இல் தலையில் குண்டு பாய்ந்து பேச்சிழந்த அமெரிக்கப் பார்லிமெண்ட் உறுப்பினர் கேப்ரியல் கிஃபோர்ட்ஸ் மீண்டும் பேசப் பழகியதில் பாட்டுப் பயிற்சிக்கும் இடமிருந்தது.

இதைக் கேட்டதும் கச்சேரி வைத்தால் பக்கவாதம் குணமாகும் என்று யாராவது கிளம்பிவிடக் கூடாது. விஞ்ஞானம் தன் பிள்ளையையே சந்தேகப்படும் குணமுள்ளது. ஜெர்மனியில் லைப்சிக் நகர ஆராய்ச்சியாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பலன் தருவது ராகத்தைவிடத் தாளமே என்றும், பழகிய சொற்றொடர்கள்தாம் எளிதாக வருகின்றன என்றும் காட்டினார்கள். நெதர்லாந்து நாட்டுச் சோதனைகளில், நோய் வந்த சில மாதங்களுக்குள் தொடங்கியவர்களுக்கு நல்ல பலன் தெரிந்தது. வெகுகாலம் கழித்துத் தொடங்கியவர்களுக்குப் பலன் கொஞ்சமே, அதுவும் நிலைக்கவில்லை. பிறர் சொல்வது புரிந்தும் பேச வராதவர்களுக்கே இந்த முறை பொருந்தும். புரிந்துகொள்ளும் சக்தியே பாதிக்கப்பட்டவர்களுக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

இந்த எச்சரிக்கைகள் சிகிச்சையின் மதிப்பைக் குறைப்பவை அல்ல. யாருக்கு, எப்போது, எவ்வளவு என்று சொல்ல முடிந்தால்தான் அது வைத்தியம். இன்ன ராகம் கேட்டால் சர்க்கரை இறங்கும், இன்ன ராகத்துக்கு மூட்டுவலி போகும் என்று பட்டியல் போட்டு விற்கிறவர்களிடம் இந்தக் கேள்விகளைக் கேட்டால் பதில் வராது. காசைப் பறிகொடுப்பதோடு, மாத்திரையையும் நிறுத்திவிட்டு மறுபடி ஆஸ்பத்திரியில் வந்து விழுகிறவர்களும் உண்டு.

ஏழைக் குடும்பத்துக்கு நேரடியாக உதவக்கூடிய ஓர் ஆய்வு பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் நடந்தது. முடிவு வெளிவந்தது 2008இல். பக்கவாதம் வந்த 60 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் தினமும் ஒரு மணி நேரமாவது தங்களுக்குப் பிடித்த பாட்டைக் கேட்டார்கள். இன்னொரு பிரிவினர் படித்துக்காட்டப்பட்ட கதைப் புத்தகங்களைக் கேட்டார்கள். மூன்றாம் பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இரண்டு மாதம் இப்படி நடந்தது. பாட்டுக் கேட்டவர்களுக்குச் சொற்களை நினைவு வைக்கும் சக்தியும், ஒரே விஷயத்தில் கவனம் வைக்கும் சக்தியும் மற்றவர்களைவிட நன்றாகத் திரும்பின. மனச்சோர்வும் அவர்களுக்குக் குறைவாக இருந்தது. எந்தப் பாட்டு என்பதை டாக்டர் எழுதிக் கொடுக்கவில்லை. நோயாளியின் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள்.

'பிடித்த பாட்டு', 'பழகிய சொல்' என்ற இந்த இடத்தில்தான் பிழைப்புக்காக வெளிமாநிலம் வந்தவர்களின் சங்கடம் இருக்கிறது. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருடம் ஸ்ரீராமபுரத்தில் குடியிருப்பவர் கன்னடம் சரளமாகப் பேசியிருப்பார். மேஸ்திரியிடம் கன்னடம், கடையில் இந்தி, ஆபீசில் நாலு வார்த்தை இங்கிலீஷ் என்று காலம் தள்ளியிருப்பார். மூளையில் அடி விழுந்தால் எந்த மொழி முதலில் திரும்பும் என்று எவராலும் உறுதி கூற முடியாது. ஆனால் மனதில் ஆழமாகப் பதிந்திருக்கும் பாட்டு, அவர் அம்மா பாடிய தாலாட்டும், நடவு வயலில் கேட்ட பாட்டும், டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து கேட்ட டி.எம்.எஸ். பாட்டுமாகத்தானே இருக்கும்?

பேச்சுப் பயிற்சி தரும் நிபுணர் கன்னடப் பெண்ணாகவோ மலையாளிப் பையனாகவோ இருக்கலாம். அது அவர்கள் குற்றமல்ல. தாளம் அவர்களுக்குத் தெரியும்; எத்தனை நாள், எத்தனை நேரம் என்பதும் தெரியும். தமிழ்ப் பாட்டையும், வீட்டில் புழங்கும் தமிழ் வாக்கியங்களையும் குடும்பத்தார்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். "இவருக்கு எந்தப் பாட்டு பிடிக்கும்?" என்று கேட்டால், "அதெல்லாம் எதற்கு, மாத்திரை எழுதிக் கொடுங்கள்" என்று சொல்லிவிடக் கூடாது. நோயாளியின் மனைவி நாணத்தை விட்டு, வார்டில் நாலு பேர் பார்க்கப் பாடத்தான் வேண்டியிருக்கும். பிள்ளைகள் செல்போனில் அப்பாவுக்குப் பிடித்த பாட்டுகளைச் சேர்த்துவைப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

இதற்கான படிப்பும் வசதியும் கர்நாடகத்திலேயே இருக்கின்றன. பேச்சு, செவிப்புலன் சிகிச்சைக்கு ஆள் தயாரிக்கும் அகில இந்திய நிறுவனம் 1965இல் மைசூருவில் தொடங்கப்பட்டது. 1974இல் இன்றைய உருவம் பெற்ற பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில், மூளைக்கும் இசைக்கும் உள்ள தொடர்பை ஆராயத் தனி ஆய்வுக்கூடமே நடக்கிறது. ஓசூர், தர்மபுரி, சேலம் பக்கத்திலிருந்தெல்லாம் நிம்ஹான்சுக்கு நோயாளிகள் வருகிறார்கள். ஆராய்ச்சி அறையில் தெரிந்த விஷயம் வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கும் போய்ச் சேர வேண்டும். வீட்டில் செய்ய வேண்டிய பேச்சுப் பயிற்சியைத் தமிழில் ஒரே தாளில் அச்சடித்து, டிஸ்சார்ஜ் சீட்டோடு சேர்த்துக் கொடுத்தால் போதும். கன்னடம், தெலுங்கு, உருது மொழிகளிலும் அப்படியே கொடுக்கலாம். இதற்குத் தனி பட்ஜெட் எதுவும் தேவையில்லை.

தொழிற்சங்கங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. இ.எஸ்.ஐ. திட்டத்தில் நெடுநாள் நோய்கள் என்று 34 நோய்களைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழப்பது அதில் அடங்கும். தகுதியுள்ள தொழிலாளிக்கு இதன்படி இரண்டு ஆண்டு வரை கூலியில் 80 சதவீதம் கிடைக்க வழியிருக்கிறது. இது தெரியாமல் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் பணத்தையும் இழக்கிறார்கள், பயிற்சிக்கு மிகவும் உகந்த முதல் மாதங்களையும் இழக்கிறார்கள். அருகிலுள்ள இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி நிபுணர் இருக்கிறாரா, வாரத்தில் எத்தனை நாள் வருகிறார் என்று சங்கத் தலைவர்கள் எழுத்து மூலம் கேட்டு வாங்கட்டும்.

அடுத்தது நம் தமிழ் மன்றங்கள். பொங்கல் விழா, முத்தமிழ் விழா, பட்டிமன்றம் எல்லாம் சிறப்பாகவே நடக்கின்றன. பொன்னாடை போர்த்துவதிலேயே பாதிப் பொழுது போய்விடுகிறது என்பதும் தெரிந்ததே. மன்றத்து ஹாலும் ஆர்மோனியமும் மற்ற நாட்களில் பூட்டிக் கிடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் அந்தக் கதவைத் திறந்துவைக்கலாம். பேச்சு போனவர்கள், நடை தள்ளாடுகிறவர்கள், அவர்களைப் பார்த்துக்கொண்டே சோர்ந்துபோன மனைவிமார் எல்லோரும் வந்து சேர்ந்து பாடட்டும். கை நடுக்க நோயான பார்க்கின்சன் வந்தவர்களுக்குத் தாளத்துக்கு அடியெடுத்து வைக்கும் பயிற்சியால் நடை சீர்படுகிறது என்று 1996இலேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். நியூயார்க்கில் ஒரு நடனக் குழு 2001 முதல் அவர்களுக்காகவே வகுப்பு நடத்துகிறது. கும்மியும் கோலாட்டமும் தெரிந்த பாட்டிமார் இங்கே எத்தனையோ பேர்.

மாதம் ஒரு முறையாவது பயிற்சி பெற்ற பேச்சு நிபுணர் ஒருவரை அழைத்து மேற்பார்வை பார்க்கச் சொல்ல வேண்டும். விழுந்துவிடாமல் பிடித்துக்கொள்ள இரண்டு இளைஞர்கள் நிற்க வேண்டும். ஹாலுக்கு மாடிப்படி இருந்தால், முதல் வேலையாகக் கீழ்த்தளத்தில் ஓர் அறை பார்க்க வேண்டும்.