வென்றும் தணியாத ரசிகர் கோபம்: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ‘பாதுகாப்பு ஆட்டம்’ எழுப்பும் கேள்விகள்

2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் தேதி, அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகக் கால்பந்து அணி, தெற்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழக அணியை 7–3 என்ற புள்ளிக்கணக்கில் வென்றது. 7 புள்ளிகள் என்றால் ஒரு டச்டவுனும் அதற்கான கூடுதல் உதையும் என்றே அந்நாட்டு ரசிகர்கள் எண்ணுவார்கள். அன்று நடந்தது வேறு. ஒரு ஃபீல்டு கோல் வாயிலாக 3 புள்ளிகள் கிடைத்தன. மீதமிருந்த 4 புள்ளிகளும், தற்காப்பு வீரர்கள் எதிரணியை அதன் எல்லைக்குள்ளேயே இரு முறை மடக்கிப் பிடித்ததால் வந்தவை. டச்டவுன் ஒன்றுகூட எடுக்கப்படவில்லை. வென்ற அணியை அதன் சொந்த மைதானத்திலேயே ரசிகர்கள் கூச்சலிட்டு எதிர்த்தனர்.

வெற்றிபெறும் அணிமீது அதன் ஆதரவாளர்களே கோபம் கொள்வது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் அடுத்த ஈராண்டுகளில் அயோவாவில் நடந்தவற்றைக் கூர்ந்து பார்த்தால், அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது தெரியவரும். துணிந்து தோற்பவரைத் தண்டித்து, தயங்கித் தோற்பவரை மன்னிக்கும் ஓர் அமைப்பைப் பற்றிய கேள்வி அதில் அடங்கியிருக்கிறது.

நான்காவது வாய்ப்பில் என்ன முடிவு?

நாம் கால்பந்து என்று அழைக்கும் விளையாட்டிலிருந்து அமெரிக்கக் கால்பந்து முற்றிலும் மாறுபட்டது. பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள் வழங்கப்படும். அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மீண்டும் நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். இல்லையெனில் பந்து எதிரணியின் வசமாகிவிடும். முன்னேறுவதற்குப் பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், அல்லது குவார்ட்டர்பேக் எனப்படும் வீரர் அதனைச் சக வீரரிடம் எறியலாம். ஓட்டத்தில் ஆபத்து குறைவு, முன்னேற்றமும் குறைவு. எறிதலில் பெரும் பலன் உண்டு. எதிரணி பந்தை இடைமறித்துப் பறிக்கும் அபாயமும் உண்டு.

மூன்று வாய்ப்புகளில் 10 யார்டு கிடைக்காவிட்டால், நான்காவது வாய்ப்பில் பெரும்பாலான பயிற்சியாளர்கள் ‘பன்ட்’ செய்யுமாறு பணிப்பார்கள். அதாவது, பந்தை ஓங்கி உதைத்து எதிரணிக்கே தொலைவில் கொடுத்துவிடுவது. ஓடுவதா, எறிவதா, உதைப்பதா என்பதை ஒவ்வொரு முறையும் களத்துக்கு வெளியே இருக்கும் பயிற்சியாளர் குழுவே தீர்மானிக்கிறது. தொடர்ந்து ஓட்டத்தையும் உதையையும் மட்டுமே நம்பும் அணுகுமுறையைத்தான் ரசிகர்கள் பாதுகாப்பு ஆட்டம் என்று கடிந்துகொள்கின்றனர்.

ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட இலக்கு

அயோவா அணிக்குக் கிர்க் ஃபெரென்ட்ஸ் 1999 முதல் தலைமைப் பயிற்சியாளராக இருந்துவருகிறார். 200-க்கும் மேற்பட்ட வெற்றிகளைக் கண்டவர். உறுதியான தற்காப்பு, தவறற்ற உதை, குறைந்த அபாயம் என்பதே அவரது வழி. தாக்குதல் பிரிவின் ஒருங்கிணைப்பாளராக 2017 முதல் பணியாற்றியவர் அவருடைய மகன் பிரையன் ஃபெரென்ட்ஸ். உறவினரை நேரடியாக மேற்பார்வையிடக் கூடாது என்ற பல்கலைக்கழக விதி காரணமாக, மகன் தந்தைக்குக் கீழ் அல்லாமல் விளையாட்டுத் துறை இயக்குநருக்குக் கீழ் பணியாற்றுவதாக ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது.

2022 பருவத்தில் அயோவாவின் சராசரி ஆட்டத்துக்கு 17.7 புள்ளிகள் மட்டுமே. அதன்பின் 2023 பிப்ரவரியில், அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டில் அரிதான ஒரு திருத்தம் பிரையனின் ஒப்பந்தத்தில் இடம்பெற்றது. ஆண்டு ஊதியம் 9 லட்சம் டாலரிலிருந்து 8.5 லட்சம் டாலராகக் குறைக்கப்பட்டது. அணி குறைந்தது 7 ஆட்டங்களில் வெல்ல வேண்டும். ஆட்டத்துக்குச் சராசரியாக 25 புள்ளிகள் எடுக்க வேண்டும். இல்லையேல் ஒப்பந்தம் முடிவுக்கு வரும் என்று எழுதப்பட்டது. தற்காப்பு வீரர்கள் எடுக்கும் புள்ளிகளும் இந்தக் கணக்கில் சேரும் என்ற சலுகையும் அளிக்கப்பட்டது.

அன்றுமுதல் அயோவா ரசிகர்கள் வெற்றி தோல்வியுடன், இலக்குக்கு எத்தனை புள்ளிகள் மீதமுள்ளன என்பதையும் வாரந்தோறும் எண்ணத் தொடங்கினர். அந்த இலக்கு எட்டப்படவேயில்லை. 2023 அக்டோபர் 30-ஆம் தேதி, எட்டு ஆட்டங்களில் ஆறில் அணி வென்றிருந்த நிலையில், பருவ முடிவுடன் பிரையன் விலகுவார் என்று இடைக்கால விளையாட்டுத் துறை இயக்குநர் பெத் கெட்ஸ் அறிவித்தார்.

இரு பருவங்கள், இரு கணக்குகள்

2023 பருவத்தில் களத்தில் அயோவா ஆடிய ஆட்டங்கள் 14; வென்றவை 10. பிக் டென் கூட்டமைப்பின் மேற்குப் பிரிவில் முதலிடமும் கிடைத்தது. முதன்மைக் குவார்ட்டர்பேக் செப்டம்பர் இறுதியிலேயே காயமடைந்து வெளியேறியதைக் கருத்தில் கொண்டால், இது சிறிய சாதனை அன்று. பாதுகாப்பு ஆட்டத்தை ஆதரிப்போர் இந்த எண்ணிக்கையையே முன்வைக்கின்றனர்.

ஆனால் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. 14 ஆட்டங்களிலும் அயோவா எடுத்தவை 216 புள்ளிகள், விட்டுக்கொடுத்தவை 207. ஒரு பருவம் முழுவதற்குமான வேறுபாடு வெறும் 9 புள்ளிகள். நார்த்வெஸ்டர்ன் அணிக்கு எதிராக 10–7, இல்லினாய் அணிக்கு எதிராக 15–13, நெப்ராஸ்கா அணிக்கு எதிராக 13–10 என நூலிழையில் கிடைத்த வெற்றிகள் பல. தோற்ற நான்கு ஆட்டங்களில் மூன்றில் அணி ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. பென் ஸ்டேட்டிடம் 31–0, கூட்டமைப்பின் இறுதி ஆட்டத்தில் மிச்சிகனிடம் 26–0, 2024 புத்தாண்டு நாளில் டென்னசியிடம் 35–0 என்ற கணக்கில் அது வீழ்ந்தது.

அடுத்த பருவத்துக்கு டிம் லெஸ்டர் புதிய தாக்குதல் ஒருங்கிணைப்பாளராக நியமிக்கப்பட்டார். 2024-இல் 13 ஆட்டங்களில் அயோவா 360 புள்ளிகள் எடுத்தது, சராசரி 27.7. முந்தைய ஒப்பந்தம் கோரிய இலக்கை அது எளிதாகக் கடந்தது. விட்டுக்கொடுத்தவை 232, வேறுபாடு 128 புள்ளிகள். ஆயினும் வெற்றிகள் 8 மட்டுமே. தோற்ற ஐந்து ஆட்டங்களில் மூன்றை மூன்று அல்லது அதற்கும் குறைவான புள்ளிகளில்தான் இழந்தது.

எதிரணிகளின் வலிமை ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் இரு பருவங்களையும் ஒரே தராசில் நிறுத்திவிட முடியாது. ஆனாலும் ஒன்று புலனாகிறது. வெற்றிகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஓர் அணுகுமுறையை அளப்பது நம்மை ஏமாற்றிவிடும். 9 புள்ளி வேறுபாட்டில் 10 ஆட்டங்களை வெல்வது, ஒவ்வோர் ஆண்டும் எதிர்பார்க்கத்தக்க செயல் அன்று. சமமான அணிகளிடம் நெருக்கமான ஆட்டங்களை வெல்ல பாதுகாப்பு ஆட்டம் உதவியது. வலிய அணிகளிடம் முன்னிலை இழந்தபின் மீண்டெழ அதனிடம் வழி இருக்கவில்லை.

பயிற்சியாளர்கள் ஏன் தயங்குகிறார்கள்?

இந்தத் தயக்கம் ஒரு குடும்பத்துக்கோ ஓர் அணிக்கோ மட்டும் உரியதன்று. பொருளாதார அறிஞர் டேவிட் ரோமர், தொழில்முறை அணிகள் நான்காவது வாய்ப்பில் எடுக்கும் முடிவுகளை ஆராய்ந்து 2006-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். துணிந்து முன்னேற முயல்வதே சராசரியில் அதிகப் பலன் தரும் என்று அவரது கணக்கு காட்டிய தருணங்களில், ஏறத்தாழ பத்தில் ஒன்பது முறை அணிகள் பந்தை உதைக்கவே முடிவெடுத்திருந்தன.

கணக்கு தெரிந்தும் தயங்குவதற்கான காரணத்தை 2024 ஜனவரியில் நடந்த ஒரு தொழில்முறை ஆட்டம் விளக்குகிறது. இறுதிப் போட்டிக்கான தகுதி ஆட்டத்தில் டெட்ராய்ட் லயன்ஸ் அணி, சான் பிரான்சிஸ்கோ அணிக்கு எதிராக இடைவேளையில் 24–7 என முன்னிலை பெற்றிருந்தது. பிற்பாதியில் அதன் பயிற்சியாளர் டேன் கேம்பல், நான்காவது வாய்ப்பில் இரு முறை ஃபீல்டு கோலைத் தவிர்த்து முன்னேற முயன்றார். இரண்டும் கைகூடவில்லை. அணி 34–31 எனத் தோற்றது. பழி முழுவதும் அவ்விரு முடிவுகள்மீதே விழுந்தது. அவர் உதைக்கச் சொல்லியிருந்து அணி தோற்றிருந்தால், பழி வீரர்களிடையே பகிரப்பட்டிருக்கும்.

துணிச்சல் தோற்றால் அதற்கு ஒரு பெயர் உண்டு. எச்சரிக்கை தோற்றால் அதற்குப் பெயரே இல்லை. டெஸ்ட் போட்டியில் சமனுக்காகத் தடுப்பாட்டம் ஆடும் அணித்தலைவரை நாம் எளிதில் மன்னிப்பதும், வெற்றியைத் துரத்தித் தோற்றவரைக் கடிந்துகொள்வதும் இதே மனநிலைதான். கோடிக்கணக்கான டாலர் ஊதியம் ஒரு முடிவைச் சார்ந்திருக்கும்போது, அணிக்கு எது நல்லது என்பதும் பயிற்சியாளருக்கு எது பாதுகாப்பானது என்பதும் தனித்தனிப் பாதைகளில் பிரிந்துவிடுகின்றன.

கண்ணுக்குத் தெரியாத இழப்பு

பாதுகாப்பு ஆட்டத்தின் விலை புள்ளிப்பலகையில் மட்டும் தெரிவதில்லை. சார்லி ஜோன்ஸ் என்ற வீரர் 2021-இல் அயோவாவுக்காக 21 முறை பந்தைப் பெற்று 323 யார்டு ஈட்டினார். மறு ஆண்டு பர்டூ பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அங்கே ஒரே பருவத்தில் 110 முறை பந்தைப் பெற்று 1,361 யார்டு குவித்தார். வீரர் அவரேதான், அவர் ஆடிய முறைதான் வேறு. அந்த ஆண்டு மேற்குப் பிரிவை வென்றதும் பர்டூதான். ஒரு பருவம் காத்திராமல் கல்லூரி மாற 2021 முதல் வீரர்களுக்கு விதிகள் இடமளிக்கின்றன. பந்தை எறியாத அணியை நோக்கித் திறன்மிக்க வீரர்கள் ஏன் வர வேண்டும் என்ற கேள்வி இதனால் கூர்மையடைந்துள்ளது.

2023-இல் அயோவாவின் புகழ்மிக்க வீரர் யார் என்பதே இதற்குச் சான்று. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த டோரி டெய்லரின் பணி பன்ட் செய்வது. அந்தப் பருவத்தில் அவர் 93 முறை உதைத்து 4,479 யார்டுகளுடன் தேசியச் சாதனை படைத்தார். அவரது ஒவ்வோர் உதைக்கும் ரசிகர்கள் எழுப்பிய ஆரவாரத்தில் பெருமிதமும் இருந்தது, எள்ளலும் இருந்தது. பந்தைத் திருப்பிக் கொடுப்பவரே ஓர் அணியின் நாயகர் என்றால், அந்த அணி எத்தனை முறை பந்தைத் திருப்பிக் கொடுத்தது என்பதையும் சேர்த்தே அந்தச் சாதனை சொல்கிறது.

ரசிகருக்கு என்ன உரிமை?

அயோவா மாநிலத்தில் பெரிய தொழில்முறை அணி எந்த விளையாட்டிலும் கிடையாது. 69 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரும் கின்னிக் அரங்கம் இலையுதிர்காலச் சனிக்கிழமைகளில் அந்த மாநிலத்தின் சந்திப்பிடமாக மாறுகிறது. பல்கலைக்கழகமோ அரசுடையது. பிக் டென் கூட்டமைப்பு 2022-இல் அறிவித்த ஏழாண்டு ஒளிபரப்பு ஒப்பந்தங்களின் மதிப்பு 700 கோடி டாலருக்கும் மேல். அந்தப் பணத்தின் ஊற்று ரசிகர்களின் கவனம்தான். அதற்குரிய பொறுப்பேற்பை அவர்கள் கேட்பது அத்துமீறல் ஆகாது.

அதே வேளையில் ரசிகர்களுக்கும் ஒரு கடமை உண்டு. நான்காவது வாய்ப்பில் துணிந்து தோற்கும் பயிற்சியாளரை மறுநாளே பதவிநீக்கக் கோருபவர்கள், அடுத்த வாரம் அவர் பன்ட் செய்யும்போது குறைகூற முடியாது. முடிவு சரியா என்பதை விளைவைக் கொண்டு மட்டும் தீர்மானித்தால், எச்சரிக்கையே எல்லாப் பயிற்சியாளருக்கும் புகலிடமாகும்.

ஒப்பந்தத்தில் 25 என்ற எண்ணை எழுதியதால் அயோவாவின் ஆட்டம் மாறவில்லை. தீர்மானிக்கும் இடத்தில் வேறொருவர் அமர்ந்த பிறகே மாறியது. தவறான முடிவை நல்ல விளைவு மறைத்துவிடாமலும், சரியான முடிவைத் தீய விளைவு கெடுத்துவிடாமலும் மதிப்பிடும் பழக்கம் நிர்வாகத்துக்கும் ரசிகர்களுக்கும் வரும்வரை, வென்ற அணியை நோக்கிய கூச்சல் அடங்கப்போவதில்லை.