வாய்பொத்தி நிற்பது மரியாதை ஆகாது

பெரியோர் சொல்லுக்கு மறுசொல் சொல்லாதிருப்பதே மரியாதை என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. வகுப்பில் ஆசிரியர் முன்னும், மடத்தில் சுவாமிகள் முன்னும், மேடையில் தலைவர் முன்னும் கைகட்டி வாய்பொத்தி நிற்பவனையே ஊர் நல்ல பிள்ளை என்று மெச்சுகிறது. ஐயம் ஒன்றை எழுப்பியவன் எத்துணைப் பணிவோடு எழுப்பியிருந்தாலும், அவனை எடுத்தெறிந்து பேசுகிறவன் என்று ஒதுக்கிவிடுகிறது. இந்த அபிப்பிராயம் மரியாதை என்னும் உயர்ந்த குணத்துக்கே ஊறு செய்வது என்பது என் துணிபு.

கல்வி உலகத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 1935ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் தேதி, லண்டனில் ராயல் வானியல் சங்கத்தின் கூட்டத்தில், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று கேம்பிரிட்ஜ் சென்றிருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர் என்னும் 24 வயது இளைஞர், எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் வெண்குள்ளனாக நிலைபெற வேண்டுமானால் அதன் நிறை ஒரு வரம்புக்குள் அடங்கியிருக்க வேண்டும் என்று கணக்கிட்டுக் காட்டினார். அவரை அடுத்து எழுந்தவர் அக்காலத்து வானியலின் பேராசான் ஆர்தர் எடிங்டன். இயற்கையில் அப்படி நேராது என்று சொல்லி, சபை நகைக்கும்படி அம்முடிவைத் தள்ளிவிட்டார். எடிங்டன் கூற்று பிழையென்று பிற்பாடு தனிமுறையில் ஒப்புக்கொண்ட பெரும் பௌதிக அறிஞர்கள்கூட அதைப் பொதுவில் சொல்ல முன்வரவில்லை. சந்திரசேகரோ, மூத்தவரின் ஆட்சேபத்தை வரிவரியாகப் பரிசீலித்துக் கணிதத்தாலேயே விடையளித்தார். அவரோடு கொண்ட நட்பையும் முறித்துக்கொள்ளவில்லை. எடிங்டனின் பிறந்த நூற்றாண்டாகிய 1982இல் கேம்பிரிட்ஜிலேயே சொற்பொழிவாற்றி, அவரைத் தம் காலத்தின் தலைசிறந்த வானியற்பியலாளர் என்று போற்றினார். மறு ஆண்டு நோபெல் பரிசு சந்திரசேகரைத் தேடி வந்தது. எடிங்டனை உண்மையில் மதித்தவர் யார்? மௌனம் சாதித்தவர்கள் அவருடைய பீடத்துக்கு அஞ்சினார்கள். மறுத்துரைத்தவரோ அவருடைய அறிவை ஒரு பொருட்டாகக் கருதினார்.

சமய வாழ்வு வேறு, அங்கே குருவின் வாக்கே வேதம் என்பார்கள். அவர்கள் வைணவ குருபரம்பரை வரலாற்றையே திருப்பிப் பார்க்கட்டும். திருக்கோட்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்து மந்திரோபதேசம் பெற்ற இராமாநுஜர், பிறருக்குச் சொன்னால் நரகம் புகுவாய் என்ற எச்சரிக்கையையும் மீறி, கோயிலின் மேலேறி நின்று, விரும்பியோர் அனைவர்க்கும் அதன் பொருளை உரைத்தார் என்றும், பலர் உய்ய நான் ஒருவன் நரகம் புகுவது பாக்கியமே என்று அவர் சொல்லக் கேட்ட நம்பி சினம் தணிந்து அவரை ஆரத் தழுவி, எம்பெருமானார் என்று அழைத்தார் என்றும் சம்பிரதாயம் கூறுகிறது. ஆணையை மீறிய சீடனைக் குருத்துரோகி என்று எந்த வைணவனும் சொன்னதில்லை.

பொதுவாழ்வில் வாய்பொத்தி நிற்பதே மரியாதை என்னும் கொள்கை விளைத்த தீமையோ கொடியது. மேல்சாதியார் எதிரே வந்தால் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ளவும், செருப்பைக் கழற்றிக் கையில் ஏந்தி அவர்கள் தெருவைக் கடக்கவும் உழைக்கும் மக்களை நிர்ப்பந்தித்த வழக்கத்துக்கும் மரியாதை என்றே பெயர் சூட்டியிருந்தார்கள். துண்டு தோளுக்கு ஏறிய அன்று அடி விழுந்தது என்றால், அதுவரை அங்கே இருந்தது அச்சமன்றி வேறென்ன? 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களைத் துறக்க வேண்டுமென்று தீர்மானித்தது இந்தப் பொய் மரியாதையின் அடிவேரை நோக்கித்தான். இன்றும் தலைவரின் காரைக் கண்டதும் சாலையில் நெடுஞ்சாண்கிடையாக விழுகிறவர், அவர் பதவி இழந்த மறுநாள் அந்தத் தெருப்பக்கம் தலைகாட்டுவதில்லை.

எதிர்த்துப் பேச இடங்கொடுத்தால் இளைஞர்கள் துடுக்கராகிவிடுவார்கள் என்று அஞ்சுவோர்க்கு ஒன்று சொல்வேன். துடுக்கன் பெரியவரின் நூலைப் படிப்பதில்லை, அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுப்பதுமில்லை. முழுதும் கேட்டு, முழுதும் கற்று, பிழை கண்ட இடத்தை அவர் முகத்துக்கு நேரே, அவர் முதுமைக்கு இழுக்கு நேராத சொற்களில் எடுத்துரைப்பவனே அவரை மதிப்பவன். ஆசிரியர்களே, ஆசாரியர்களே, தலைவர்களே, உங்கள் முன் நிலவும் மௌனத்தை மரியாதை என்று நம்பி ஏமாறாதீர்கள்; உங்களை மறுத்துப் பேசத் துணிந்தவனுக்கு முன்வரிசையில் ஓர் இடம் கொடுங்கள்.