நாலு ரப்பர் கால்

நாளைக்குத் தீபாவளி. பலகாரத்தைப் பற்றி எழுதுங்கள் என்று ஆசிரியர் போன வாரமே சொல்லிவிட்டார். முறுக்கும் நெய் உருண்டையும் இந்த ஞாயிறு பதிப்பின் மற்ற பக்கங்களில் தாராளமாக வரும். எனக்கு வேறொரு எரிச்சல். அதை இறக்கி வைக்காமல் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றினால் கை சுட்டுக்கொள்வேன்.

செவ்வாய்க்கிழமை, 2025 அக்டோபர் 14, விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் கும்பிடு போட்டுவிட்டது. 2015 ஜூலையில் வந்தது, பத்து வருஷம் ஓடியது. இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக வராது. விண்டோஸ் 11-க்குக் காசில்லாமலே மாறலாம், ஆனால் இன்டெல் சில்லு என்றால் அநேகமாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் உள்ளே விடுவார்கள். என் மடிக்கணினி ஆறாம் தலைமுறை. 2017-இல் கடையில் இருந்தவற்றிலேயே விலை குறைந்ததாகப் பார்த்து வாங்கினேன். ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி சுழல்வட்டு. எட்டு வருஷமாக இந்தப் பத்தியைச் சுமக்கும் கழுதை அதுதான். அஞ்சல் விசைமுறையில் தட்டித் தட்டி ஆங்கில ‘ஏ’ அழிந்தே போயிற்று. நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் பக்கத்து வீட்டு இரட்டைப் பிள்ளைகள் இரண்டு பேரும் காலையில் ஒருத்தி, மதியம் ஒருத்தி என்று இதில்தான் பாடம் படித்தார்கள். ஒரு மூலையில் இன்னும் அவர்கள் ஒட்டிய யூனிகார்ன் படம் இருக்கிறது.

அதைத் தூக்கிக்கொண்டு ஈப்போவில் ஒரு கடைக்குப் போனேன். பையன் மூடியைக்கூடத் திறக்கவில்லை. கவிழ்த்துப் போட்டு அடியில் இருந்த வில்லையைப் படித்தான். “ஓல்ட் மாடல் லா ஆன்ட்டி. இதுக்கெல்லாம் காசு போடாதீங்க. தீபாவளி ஆஃபர் இருக்கு, மாசம் 120 வெள்ளிதான்.”

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், எனக்கு இந்த ஒரு வாக்கியம் ஆகாது. சமையலறை மின்விசிறியைப் பற்றி எழுதியபோது, “ஒரு விசிறிக்காக முக்கால் பக்கமா?” என்று தைப்பிங் வாசகர் ஒருவர் கடிதம் போட்டார். ஐயா, இன்றைக்கு முழுப் பக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள். பொருள் பழசாவது குற்றமில்லை. அதைத் திறந்து பார்க்காமல் பழசு என்பதுதான் எனக்குக் குடைகிறது. நம் மலேசியாவில் 1999-ஆம் ஆண்டிலேயே பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. பழுது பார்க்கும் வசதியும் உதிரி பாகமும் நியாயமான காலத்துக்குக் கிடைக்க வேண்டும் என்று அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். எத்தனை கடை வாசலில் அதைச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறோம்? இப்போது வரும் மெல்லிசு மடிக்கணினிகள் பலவற்றில் ரேமைத் தாய்ப்பலகையிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். கழற்றவும் முடியாது, கூட்டவும் முடியாது. ஐரோப்பாவில் 2027 பிப்ரவரியிலிருந்து, கையடக்கச் சாமான்களின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி செய்யவேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். நமக்குத் தீபாவளி ஆஃபர்.

கோபத்தில் வீட்டுக்கு வந்து, பினாங்கில் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்யும் தம்பி மகனைக் கூப்பிட்டேன். “அத்தை, அந்த மாடல் நல்லதாச்சே, எல்லாம் கழற்றலாம்” என்றான். அவன் சொல்லச் சொல்ல வாங்கி வந்தேன்: 480 ஜிபி எஸ்எஸ்டி, ஒரு 8 ஜிபி ரேம், சில்லின் மேல் தடவும் வெப்பப் பசை ஒரு குழாய். மூன்றும் சேர்த்து ஆஃபரின் இரண்டு மாதத் தவணையைத் தொட்டது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம், மாவு சலிக்க வைத்திருந்த மேசையைத் துடைத்துவிட்டு, கைப்பேசியை மாவு டின்னில் சாய்த்து வைத்து, அவன் வீடியோவில் பார்க்க, நான் திருகாணி கழற்றினேன். அம்மா எதிரில் உட்கார்ந்து உளுந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்.

பதினோரு திருகாணி வந்துவிட்டது. மூடி அசையவில்லை. “கால் ரப்பருக்கு அடியில ஒண்ணு ஒளிஞ்சிருக்கும் அத்தை” என்றான். ஒளித்து வைப்பானேன்? நகத்தால் கெல்லினேன். கால் ரப்பர் பிசுபிசுவென்று தாராய் இழுபட்டு வந்தது. நாலும் அதே கதி. திருகாணியை எடுத்துவிட்டு, காலாவதியான டச் அண்ட் கோ அட்டை ஒன்றை மூடி இடுக்கில் செருகி நெம்பினேன்.

அம்மா உளுந்திலிருந்து தலை நிமிரவில்லை. “ஆழமா விடாத பாப்பா. காயம் பட்டுரும்.”

காயம். அந்தச் சொல்லை அந்தக் குரலில் கேட்டு எத்தனையோ வருஷமாயிற்று. என் கை தானாக நின்றது.

அம்மாவுக்கு 81 வயது. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பதினாறு வயதில் உளி பிடித்தவர். அந்தத் தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை. லயம் இருந்த இடத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி மட்டும் நிற்கிறது. நான் பள்ளி விடுமுறையில் அம்மாவோடு நிரைக்குப் போயிருக்கிறேன். இருட்டோடு பெரட்டு, அதாவது ஆள் கணக்கு, முடிந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். விடிவதற்குள் வெட்டினால்தான் பால் ஓடும். வெயில் ஏறினால் மரம் தண்ணீரை இலைக்கு இழுத்துக்கொள்ளும், பட்டைக்குள் அழுத்தம் குறையும், பால் சுண்டிவிடும். இதெல்லாம் எனக்குப் பள்ளியில் சொல்லித் தந்தது. அம்மாவுக்குத் தெரிந்தது வேறு: “சூரியனுக்கு முன்னாடி மரத்துக்கிட்ட போயிரணும்.”

பால் வெட்டுவது என்றால் மரத்தைக் கீறுவது என்று தோட்டம் தெரியாதவர்கள் நினைப்பார்கள். ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையைச் சீவல் போல எடுப்பது. இடப்பக்கம் மேலேயிருந்து வலப்பக்கம் கீழாக, பாதி மரத்தைச் சுற்றி ஒரே சரிவு. பால் குழல்கள் பட்டைக்குள் கொஞ்சம் சாய்ந்து ஓடுவதால் அந்தச் சரிவில்தான் அதிகமான குழல்கள் வெட்டுப்படும். அந்தக் குழல்கள் பட்டையின் உள்பக்கம்தான் நெருக்கமாக இருக்கின்றன. அதனால் ஆழமாகப் போகவேண்டும். ஆனால் கட்டைக்கும் பட்டைக்கும் நடுவில் ஈரமாக ஒரு மெல்லிய தோல் இருக்கிறது, பட்டையை வளர்ப்பது அதுதான், அதைத் தொட்டுவிடக்கூடாது. அதற்கு ஒரு மில்லிமீட்டர் இருக்கும்போதே உளி திரும்பிவிட வேண்டும். நெற்றி விளக்கு வெளிச்சத்தில், கொசுக் கடியில், ஒரு மரத்துக்கு அரை நிமிஷம், நாளுக்கு நானூறு மரம்.

தொட்டுவிட்டால் காயம். காயம் பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஒவ்வொரு மரமாக வந்து விரலால் தடவிப் பார்ப்பார். காயம் இருந்தால் அன்றைக்குப் பெரட்டில் எல்லார் முன்னாலும் ஏச்சு. ஏன் அவ்வளவு பாடு? கணக்கு இருக்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டினால் வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு சாண் பட்டை தீரும். நெஞ்சு உயரத்தில் தொடங்கி அடிமரம் வரை வர ஐந்தாறு வருஷம். பிறகு மரத்தின் மறுபக்கம், அது ஓர் ஐந்தாறு வருஷம். அதுவும் தீர்வதற்குள் முதல் பக்கத்தில் புதுப் பட்டை வளர்ந்திருக்கும். அதில் மறுபடி வெட்டலாம். பதினெட்டு வயதில் தன் கை பட்ட பட்டையை முப்பது வயதில் அம்மா மறுபடி தடவிப் பார்த்திருக்கிறார். அன்றைக்கு ஒழுங்காக வெட்டியிருந்தால் இன்றைக்கு வழவழ. இல்லையென்றால் தன் தப்பைத் தானே தடவ வேண்டும்.

இந்த வெட்டு முறைக்கும் ஒரு கதை உண்டு, அது நம் பேராக்கை ஒட்டியே போகிறது. ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து விதைகளைக் கொண்டுபோனது 1876-இல். லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்த கன்றுகளில் சில அடுத்த வருஷம் கோலகங்சாருக்கு வந்தன. பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ தன் வீட்டுத் தோட்டத்தில் நட்டார். அந்தக் காலத்து மரம் ஒன்று மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேலி போட்டு இன்னும் நிற்கிறது. நான் ஒருமுறை அம்மாவை அங்கே கூட்டிப் போனேன். எல்லாரும் பெயர்ப்பலகையோடு படம் எடுத்துக்கொண்டிருக்க, அம்மா கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டு வேலியில் சாய்ந்து பட்டையையே உற்றுப் பார்த்தார். “மொரட்டுக் கையி வெட்டிருக்கு” என்று சொல்லிவிட்டு காருக்கு நடந்தார்.

மரம் வந்த பிறகும் இருபது வருஷம் யாரும் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. பிரேசில் காட்டில் சின்னக் கோடரியால் கொத்திப் பால் எடுத்துக்கொண்டிருந்தார்கள், கொத்து விழுந்த இடமெல்லாம் புண். 1888-இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்குப் பொறுப்பேற்று வந்த ரிட்லிதான், புதிதாகக் கொத்தாமல் பழைய வெட்டின் விளிம்பையே மெல்லச் சீவித் திறந்தால் பாலும் கூடும், பட்டையும் திரும்ப வளரும் என்று கண்டுபிடித்தார். சட்டைப் பையில் ரப்பர் விதையைப் போட்டுக்கொண்டு, பார்க்கிற தோட்டத் துரையிடமெல்லாம் நடச்சொல்லி நச்சரிப்பாராம். ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று பெயர் வைத்தார்கள். பைத்தியம் நூறு வயது வாழ்ந்து 1956-இல்தான் போய்ச் சேர்ந்தது. அதற்குள் நம் பாட்டன் பாட்டி ரத்தத்தில் பாதியை ரப்பர் குடித்துவிட்டது, அது வேறு பத்தி. ஏற்கெனவே இரண்டு முறை எழுதிவிட்டேன்.

நான் இதுவரை எழுதாதது ஒன்று உண்டு. செவ்வாய்க்கிழமைதான் அம்மா சொன்னார்.

மரத்தை அழித்துச் செம்பனை போடுவதென்று முடிவாகிவிட்டால், கடைசி ஒன்றிரண்டு வருஷம் வெட்டுக்குக் கணக்குக் கிடையாது. ஏணி வைத்து உயரத்தில் வெட்டு, ஒரே மரத்தில் இரண்டு மூன்று வெட்டு, பட்டையில் எத்ரல் மருந்து தடவி வெட்டு. எப்படியும் சாகப் போகிற மரம், இருக்கும் பாலைக் கறந்துவிடு. அம்மாவின் தோட்டத்தில் அது 1986-இல் வந்தது. பெரட்டில் மண்டோர் சத்தம் போட்டுச் சொன்னாராம், இனிமேல் காயத்தைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம் என்று. சில பேர் சிரித்தார்களாம். இத்தனை வருஷம் எந்தக் காயத்துக்காக ஏச்சு வாங்கினார்களோ, அது ஒரே காலையில் ஒன்றுமில்லாமல் போயிற்று.

“நீங்க என்னம்மா செஞ்சீங்க?”

“என்னா செய்ய? வெட்டுனேன்.”

“காயம் பட்டுச்சா?”

அம்மா உளுந்தில் கல் ஒன்றை எடுத்துத் தனியாக வைத்தார். “கை வரல பாப்பா.” மண்டோர் வந்து மரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, யாருக்காக இப்படி இழைக்கிற என்று கேட்டாராம். மற்றவர்களைவிட வாளியில் பால் குறைவு, அதனால் காசும் குறைவு. அப்பா வீட்டில் கத்தினாராம். மறு வருஷம் புல்டோசர் வந்தது. நாங்கள் புந்தோங்குக்கு வந்தோம்.

கைப்பேசியில் மருமகப் பிள்ளை பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தான். “அத்தை, இருக்கீங்களா?”

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அட்டையை மேலாக விட்டு ஓரம் ஓரமாக நெம்பியதில் ஒரு கொக்கிகூட உடையாமல் மூடி வந்தது. முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றவேண்டும், இதை மட்டும் மறக்காதீர்கள். பேட்டரி உப்பியிருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டுத் தெரிந்தவரிடம் கொடுங்கள், குத்தவோ அழுத்தவோ வேண்டாம். எனக்கு உப்பவில்லை. விசிறிக்கும் செம்பு வரிகளுக்கும் நடுவில் எட்டு வருஷத் தூசி கம்பளித் துண்டாகப் படிந்திருந்தது. குவாரி லாரி போகும் சாலை ஓரத்தில் வீடு, வேறென்ன இருக்கும். அதோடு இரண்டு பல்லி முட்டை ஓடு. பழைய பசை மண்ணாய்ப் போயிருந்தது. துடைத்துவிட்டுப் பட்டாணி அளவு புதுசு வைத்தேன். “அப்பிறாத” என்றார் அம்மா. சுழல்வட்டு போய் எஸ்எஸ்டி, காலியாக இருந்த இரண்டாவது பள்ளத்தில் ரேம். முன்பு பொத்தானை அமுக்கிவிட்டுத் தேத்தண்ணீர் கலக்கிக்கொண்டு வருவேன், இப்போது இருபது விநாடி. விண்டோஸ் 10-க்கு இன்னும் ஒரு வருஷம், 2026 அக்டோபர் வரை, பதிந்துகொண்டால் பாதுகாப்புத் திருத்தம் வரும். பதிந்துவிட்டேன். அப்புறம் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டுத் தருகிறேன் என்று தம்பி மகன் சொல்லியிருக்கிறான்.

எல்லாத் திருகாணியும் போட்டு நிமிர்த்தி வைத்தால், கழுதை மேசையில் வழுக்கிக்கொண்டு போயிற்று. கால் இல்லையே. அம்மா அந்தப் பழைய கால் ரப்பர் ஒன்றை எடுத்து இழுத்தார், மோந்தார், பேப்பரில் துடைத்துப் போட்டார். “இது பால் ரப்பர் இல்ல. இழுத்தா திரும்பி வரல பாரு.” நம் மரத்து ரப்பரும் வயதானால் இப்படித்தான் பிசுபிசுக்கும். நான் வாயைத் திறக்கவில்லை.

எழுந்து வெளியே போனவர், படியோரம் கிடந்த வார் அறுந்த ஜப்பான் சிலிப்பர் ஒன்றோடு வந்தார். கழுவினார். மீன் வெட்டும் கத்தியைக் கல்லில் இரண்டு இழு இழுத்தார். அளவுகோல் எடுத்து வரட்டுமா என்றேன், பதில் இல்லை. சிலிப்பரின் குதிகாலில் கத்தியைச் சரித்து வைத்து, தன் பக்கமாக, ஒரே மூச்சில் சீவினார். நாலு துண்டு. பசை போட்டு ஒட்டி நிமிர்த்தினேன். இந்தப் பத்தியை அதில்தான் தட்டினேன், ஒரு பக்கமும் ஆடவில்லை.