அயோடினுக்குப் பிறகு



தைராய்டு பற்றி நாம் எழுதியதிலிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. “அயோடின் மருந்து கொடுத்தார்கள். படபடப்பு நின்றது, கை நடுக்கம் போனது, உடம்பும் தேறியது. இப்போது தைராய்டு குறைந்துவிட்டதாம், ஆயுளுக்கும் மாத்திரையாம். வைத்தியம் பலிக்கவில்லையா?”

பலித்துவிட்டது என்பதுதான் பதில். அயோடினை உடம்பில் அதிகம் உறிஞ்சிக்கொள்வது தைராய்டு சுரப்பி. அந்த ஆசையை வைத்தே, கதிரியக்க அயோடின் கொடுத்து அதை அடக்கலாம் என்று 1941இல் பாஸ்டனில் சால் ஹெர்ட்ஸ் என்ற மருத்துவர் செய்து காட்டினார். இன்று கொடுப்பது அயோடின்-131. அதன் கதிரியக்கம் 8 நாளுக்கு ஒருமுறை பாதியாகும். ஆனால் சுரப்பி மெல்லத்தான் ஒடுங்கும்; வாரங்கள், சிலருக்கு மாதங்கள். அடங்காத சிலருக்கு ஆறு மாதம் கழித்து இன்னொரு தடவை கொடுப்பார்கள். தைராய்டு மிகையாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய்க்காரர்களில் பெரும்பாலோருக்குக் கடைசியில் சுரப்பு குறையத்தான் செய்யும். மருத்துவர்கள் தெரிந்தே செய்வது அது. கூடிய தைராய்டு இதயத் துடிப்பைக் குலைக்கும், எலும்பைக் கரைக்கும். குறைந்ததற்கு வெறும் வயிற்றில் ஒரு தைராக்ஸின் மாத்திரை போதும். இதை முன்பே நோயாளியை உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் இத்தனை கடிதம் வந்திருக்காது.

காரைக்கால்காரர்களுக்குத் தனியாக ஒன்று. அணு மருத்துவப் பிரிவுக்காகப் புதுச்சேரி ஜிப்மருக்குப் போகிறவர்கள் நம்மில் உண்டு. யூனியன் பிரதேசம் ஒன்றுதான்; ஆனால் நடுவில் சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று மணிக்கணக்கில் பஸ். மருந்து எடுத்த அன்றே, உடம்பில் கதிரியக்கத்தோடு நெரிசலில், கைக்குழந்தைக்காரியின் தோளோடு தோள் உட்கார்ந்து திரும்பலாமா? எப்படித் திரும்புவது, எத்தனை நாள் தனியே படுப்பது, பிள்ளைகளை எப்போது தூக்குவது என்று மருந்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் இந்த மருந்து கிடையாது. பிள்ளை பெற எண்ணுபவர்கள் குறைந்தது ஆறு மாதம் பொறுக்க வேண்டும். கண் பிதுங்கி இருந்தால் சொல்லிவிடுங்கள். சிலருக்கு அது கூடும், புகைபிடிப்பவர்களுக்கு இன்னும் அதிகம்.

உடம்பு தேறிவிட்டது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். காலையில் மாத்திரை போட்டு அரை மணி நேரமாவது கழித்து டீ குடியுங்கள். சொன்ன தேதியில் ரத்தப் பரிசோதனைக்குப் போய்விடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்