உடலின் உட்போர்வை

சென்ற தவணையில் ஒரு நாள், எமது கல்லூரி ஆய்வுகூடத்தில் மாணவர் தத்தம் கன்னக் கலங்களைப் பரிசோதித்துக்கொண்டிருந்தனர். உயிரியல் கற்போர் யாவரும் அறிந்த எளிய பரிசோதனை அது. சுத்தமான பற்குச்சியின் மழுங்கிய முனையினாற் கன்னத்தின் உட்புறத்தை மெல்லச் சுரண்டிக் கண்ணாடி வழுக்கியில் தடவி, மெதிலீன் நீலம் ஒரு துளி விட்டு நுணுக்குக்காட்டியில் நோக்கினால், முற்றத்தில் உதிர்ந்த இலைகளைப் போலத் தட்டையான கலங்கள் தோன்றும். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு நீலப் பொட்டு இருக்கும். அதுவே கரு.

ஒரு மாணவன் தலை நிமிர்ந்து, "ஐயா, இவ்வளவு இலேசாகக் கலங்கள் உதிருமானால், கன்னம் ஒரு நாள் தேய்ந்து போகாதா?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. கன்னத்தின் உட்புறத்தில் மேலணி இழையம் பல அடுக்குகளாக அமைந்திருக்கிறது. அடியிலுள்ள கலங்கள் ஓயாது பிரிந்து புதியவற்றைப் பெறுகின்றன. புதியவை பழையவற்றை மேலே தள்ளுகின்றன. உச்சியை அடைந்தவை தட்டையாகி உதிர்கின்றன. இம்மேலணியில் இரத்தக் குழாய் ஒன்றேனும் இல்லை. அதன் கீழே மெல்லிய அடித்தள மென்சவ்வும், அதற்கும் கீழே இரத்தக் குழாய்கள் ஓடும் தொடுப்பிழையமும் உள. அங்கிருந்து பரவி வரும் போசணையைக் கொண்டே மேலணி வாழ்கிறது. இவை யாவும் சேர்ந்ததே சீதமென்சவ்வு.

இச்சவ்வு வாயோடு முடிவதன்று. உணவுக் கால்வாய் முழுவதையும் சுவாச வழியையும் உள்ளிருந்து போர்த்திருப்பதும் இதுவே. ஆயின் இடத்திற்கேற்ப இதன் நெசவு வேறுபடும். உணவு உராயும் வாயிலும் களத்திலும் பல அடுக்கு வேண்டும். வாதனாளியிலோ உயர்ந்த கம்பக் கலங்கள் நிற்கின்றன. அவற்றின் தலையில் நுண்ணிய பிசிர்கள் அசைகின்றன. இடையிடையே கெண்டிக் கலங்கள் சீதத்தைச் சுரக்கின்றன. தூசி சீதத்தில் ஒட்ட, பிசிர்கள் அதனை நெற்கதிர் காற்றில் அசைவது போல் அசைந்து தொண்டையை நோக்கித் தள்ளுகின்றன.

இரைப்பையிற் கலங்கள் ஒற்றை வரிசையே. அவை சுரக்கும் சீதமும் இருகாபனேற்றும், அங்குள்ள ஐதரோக்குளோரிக்கமிலம் இரைப்பையையே அரித்துவிடாது காக்கின்றன. சிறுகுடலிலும் ஒற்றை வரிசையே. ஆனால் சவ்வு எண்ணற்ற சடைமுளைகளாக எழுந்து, உணவை உறிஞ்சும் பரப்பைப் பெருக்குகிறது. இரைப்பையும் குடலும் சேர்ந்த உட்பரப்பு ஒரு டெனிஸ் மைதானத்தளவு என்று பழைய பாடநூல்கள் கூறின. 2014ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு ஆய்வாளர் இருவர் அளந்து, அரை பட்மின்டன் மைதானத்தளவே என்று திருத்தினர். அதுவும் சிறிதன்று. சிறுகுடலின் மேலணி ஏறத்தாழ ஐந்து நாட்களுக்கொருமுறை புதிதாகிவிடுகிறது என்பதும் வியப்புக்குரியது.

வெளியுலகோடு தொடர்பற்ற மூடிய அறைகளுக்கு வேறொரு போர்வை உண்டு. சுவாசப்பையையும் இதயத்தையும் குடலையும் சூழ்ந்த அச்சவ்வுகளில், தட்டையான கலங்கள் ஒற்றை வரிசையாய் அமைந்து சிறிதளவு வழுவழுப்பான நீரைக் கசியவிடுகின்றன. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை துடிக்கும் இதயம், அயலுறுப்புகளோடு உராய்ந்து புண்படாதிருப்பது இதனாலேயாம்.

சவ்வுகளை இவ்வாறு வகுத்து ஆராய்ந்தோருள் முன்னோடி, பிரான்சு நாட்டு மருத்துவர் சேவியர் பிஷா ஆவார். நுணுக்குக்காட்டியை நம்பாத அவர், இறந்த உடல்களின் இழையங்களை வெட்டியும், கொதிக்கவைத்தும், உலர்த்தியும், ஊறவைத்தும் சோதித்தார். சவ்வுகளைப் பற்றிய அவரது நூல் 1800ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1802இல், தமது முப்பதாம் வயதில் அவர் காலமானார். நோய் ஓர் உறுப்பு முழுவதையும் ஒருங்கே பற்றுவதன்று, அதிலுள்ள ஏதோவோர் இழையத்தைப் பற்றுவது என்பதே அவர் விட்டுச்சென்ற பெரும் போதனை.

அதற்கு உதாரணமாகப் புகைபிடிப்போனின் சுவாச வழியை மாணவருக்கு எடுத்துக் கூறினோம். புகை நெடுங்காலம் சுட, பிசிர் கொண்ட கம்பக் கலங்கள் மறைந்து, அவ்விடத்திற் தட்டைக் கலங்கள் அடுக்கடுக்காய் எழுகின்றன. புகையைத் தாங்கவே சவ்வு இவ்வாறு மாறுகிறது. ஆனால் பிசிரில்லாத இடத்தில் தூசியைத் தள்ளுவார் யார்? இருமலே எஞ்சுகிறது. மாறிய இடத்திற் பின்னொருகால் புற்றுநோயும் தோன்றலாம்.

முதலில் வினவிய மாணவன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பின்னர், "ஐயா, எங்கள் அப்பு நாள் முழுவதும் வெற்றிலை போடுகிறவர். இப்போது வாயை நன்றாகத் திறக்க முடியவில்லை. கறி கொஞ்சம் உறைத்தாலும் எரிகிறதாம். அதுவும் இப்படித்தானா?" என்றான்.

ஆய்வுகூடம் அமைதியாயிற்று. நாம் மறைக்க விரும்பவில்லை. பாக்கிலுள்ள பொருள்கள் கன்னத்தின் தொடுப்பிழையத்தில் நார்களை மிதமிஞ்சிப் பெருகச் செய்கின்றன. நெகிழ்ந்திருந்த கன்னம் தும்புக் கயிறு போல் விறைக்கிறது. மேலணி மெலிந்து எரிவு காண்கிறது. இறுகியது முன்போல் இளகுவது அரிது. அதிலிருந்து புற்றுநோய் எழவுங்கூடும். "புகையிலையை விட்டுவிட்டேன், வெறும் பாக்குத்தானே" என்பார் உளர். புகையிலை சேராத பாக்கும் மனிதரிடத்துப் புற்றுநோயை விளைவிக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிற் கூறியுள்ளது. இலங்கை ஆண்களிடையே காணப்படும் புற்றுநோய்களுள் வாய்ப் புற்றுநோய் முன்வரிசையில் நிற்பதை எண்ணும்போது, இதனை அலட்சியம் செய்தல் தகாது.

"அப்புவைத் தாமதியாமல் பல் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போ" என்றோம்.

இரு கிழமை கழிந்து அவன் வந்து சொன்னான். வைத்தியர் கன்னத்தில் ஒரு வெண்படலத்தைக் கண்டு, சோதனைக்காகச் சிறு துண்டு எடுத்திருக்கிறாராம். முடிவு இன்னும் வரவில்லை. வெற்றிலைத் தட்டம் அலுமாரிக்கு மேல் ஏறிவிட்டது. ஆயினும் சாப்பிட்டெழுந்ததும் அப்புவின் கை தானாகவே அதனைத் தேடுகிறதாம். அறுபது வருடப் பழக்கமல்லவா!

வாசகர்களே, குடலையும் சுவாசப்பையையும் போர்த்த சவ்வை நாம் கண்ணாற் காண இயலாது. வாயின் சவ்வையோ ஒரு கண்ணாடியும் சிறிது வெளிச்சமும் இருந்தாற் காணலாம். இன்று உங்கள் வீட்டு முதியோரின் வாயைப் பாருங்கள். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ, இரு கிழமைக்கு மேல் ஆறாத புண்ணோ, முன்போல் திறவாத வாயோ காணப்பட்டால், நோவில்லையே என்று வாளாவிராதீர்கள். நோவு பெரும்பாலும் பிந்தியே வரும்.